மேசைக்கு அடியில் ஓர் உறுப்பினர்

“லீவு கேட்டீங்களா, இல்லையா?” என்று சட்டமன்ற வாசலில் நின்று பல்லைக் கடித்தார் பெண் உறுப்பினர்.

கணவர் மூன்று வயது மகனை மனைவியின் தோளுக்கு மாற்றினார். பையனுக்குக் காலையிலிருந்து காய்ச்சல்.

“கேட்டேன். ‘உங்க வீட்டம்மா சட்டம் போடட்டும், அப்புறம் தரேன்’னு மேனேஜர் சிரிக்கிறான். ஷிஃப்டுக்கு நேரமாச்சு, வரேன்.”

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பெற்றவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. உறுப்பினரே முட்டி மோதிக் கொண்டுவந்த அந்த மசோதாவுக்குத்தான் இன்று வாக்கெடுப்பு. ஆளுங்கட்சிக்கு ஒரே ஓர் ஓட்டுதான் அதிகம். அந்த ஓட்டு இவருடையது என்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போனால் மசோதாவும் கூடவே போய்விடும்.

மகனைச் சால்வைக்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய், தன் மேசைக்கு அடியில் உட்கார வைத்தார்.

எதிர்வரிசையில் ‘இடிமுழக்கம்’ என்று பெயரெடுத்த பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். “பிள்ளை தும்முனா அப்பனுக்கு லீவா? நாங்கல்லாம் பிள்ளை வளர்க்கலையா?” வழக்கமாகத் துள்ளி எழுந்து கத்துகிறவர், இன்று நாற்காலியை விட்டு அசையாமல் கத்தினார். மூட்டுவலியாக இருக்கும் என்று உறுப்பினர் சந்தோஷப்பட்டார்.

காலடியில் சிணுங்கல். மிட்டாய் கொடுத்தார். அது தீர்ந்ததும் சிணுங்கல் அழுகையானது. போனைக் கொடுத்தார். அது வாத்துப் பாட்டை உரக்கப் பாடியது.

“யாரது வாத்து?” என்றார் சபாநாயகர்.

“எதிர்க்கட்சிங்க, ஐயா!” என்று முந்திக்கொண்டார் உறுப்பினர்.

ஆளுங்கட்சி மேசையைத் தட்டி ஆரவாரித்தது. அந்தச் சந்தடியில் போனைப் பிடுங்கினார். பையன் வீறிட வாயைத் திறந்தான். வாயைப் பொத்திச் சால்வையோடு மடியில் அள்ளிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வாக்கெடுப்பு மணி அடித்தது. மேசையில் பச்சையும் சிவப்புமாக இரண்டு பொத்தான்கள் மின்னின.

சால்வைக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கை நீண்டு சிவப்பை அமுக்கியது.

அமுக்கினால் அமுக்கியதுதான், மாற்ற முடியாது. பெற்ற பிள்ளையே காலை வாரிவிட்டான். இனி எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் எந்த மேனேஜரும் சிரிப்பான். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சபாநாயகர் தொண்டையைச் செருமினார். “ஓர் ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது.”

நிறைவேறியதா? எதிர்க்கட்சியில் எந்த நல்ல மனசு மாறி ஓட்டுப் போட்டது? கும்பிடலாம் என்று எதிர்வரிசையைத் தேடினால், ஒவ்வொரு முகமும் கடுகடுத்தது.

சபை கலைந்ததும் காவலர் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

“அம்மா, பையனைத் தூக்கிட்டுப் பின்வாசல் வழியாப் போயிடுங்க. முன்வாசல்ல இடிமுழக்கம் ஐயா, ‘மேசைக்கு அடியில சும்மா உட்காருன்னா, பச்சையை ஏன்டி அமுக்குன?’ன்னு பேத்தியைத் திட்டிக்கிட்டு நிக்கிறாரு.”