இரவல் மூக்கில் திருத்திய மோட்டார் சைக்கிள்

கனடாவின் மொன்றியல் மாநகரில் அடுத்தவர் மூக்கை இரவல் வாங்கி மோட்டார் சைக்கிள் திருத்திய ஒரே மனிதர் 'மணக்குதோ' அண்ணைதான். எந்தக் கோயிலிலும் இதைச் சத்தியம் செய்து சொல்லத் தயார், ஒரு கோயிலைத் தவிர. அந்த வாசலுக்கு நான் இப்போது அதிகம் போவதில்லை. காரணம் பிறகு வரும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் யாருக்கும் அது ஞாபகமில்லை. கோவிட் வந்தபோது அவருக்கும் வந்தது. போகும்போது மணம் பிடிக்கும் சக்தியைக் கையோடு கொண்டுபோய்விட்டது. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் திரும்பி வந்தது, இவருக்கு வரவேயில்லை. சாதாரண மனிதர் என்றால் வைத்தியரிடம் போவார். அண்ணை ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

நகரின் மேற்கு ஓரம், பியர்பொன்ட்ஸில் யாரோ ஒருவருடைய கராஜில், உடைந்த சோபாவுக்கும் பனி தள்ளும் மெஷினுக்கும் நடுவே கிடந்த ஜப்பான் சைக்கிள் அது. இரும்பில் துரு பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. துருவில் ஆங்காங்கே இரும்பு பிடித்திருந்தது. அதைக் கொண்டுவந்து தன் வீட்டுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டிலில் வைத்து, இரண்டு பனிக்காலம் கழற்றிப் பூட்டினார். கழுவிக் காய்ந்த வெறும் பெற்றோல் டாங்க் மட்டும் குளிர் தாங்காது என்று மேல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது. விருந்தினர் போனால் அதற்குப் பக்கத்தில்தான் தேத்தண்ணீர் வைப்பார்கள்.

ஒருநாள் அது ஸ்டார்ட் ஆனது. தெருவே கை தட்டியது. ஆனால் எங்கேயோ பெற்றோல் கசிந்தது. சொட்டினாலாவது கண்ணால் பார்க்கலாம். இது சொட்டவில்லை, வேர்த்தது. வேர்த்த பெற்றோல் நிலத்துக்கு வருமுன்னரே காற்றோடு போய்விடும், மணம் மட்டும் நிற்கும். அந்த மணம்தான் அண்ணைக்குத் தெரியாதே!

இதில் அவருக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். அவசரத்தின் பெயர் பவளமக்கா, அவருடைய மனைவி. பவளமக்காவின் மூக்கு எங்கள் தெருவில் பிரசித்தம். கீழ் வீட்டில் பால் பொங்கப் போவதை மேல் வீட்டிலிருந்து சொல்வார். அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "பெற்றோல் மணந்தால் எனக்குச் சத்தி வரும், திண்டதெல்லாம் வெளியிலை வந்திடும். மணம் இல்லாட்டி ஏறுவன், இருந்தால் இந்தச் சென்மத்திலை ஏறமாட்டன்."

"முப்பத்தாறு வருசம் என்னோடை பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு வந்தவள்," என்றார் அண்ணை என்னிடம். "ஒருக்காலெண்டாலும் பின்னாலை இருத்தி ஓட வேணும் தம்பி."

"மணம் பிடிக்கேலாதெண்டு அக்காட்டையே சொல்லலாமே? அவ ஒரு நிமிசத்திலை கண்டுபிடிச்சுத் தருவா."

"விசரே உமக்கு? பொம்பிளை பாக்கப் போனண்டு, குசினியிலை இருந்து வந்த குழம்பு மணத்துக்கே ஓம் எண்டு சொன்னனான். இப்ப எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை எண்டால் அவள் என்ன நினைப்பள்?"

ஆக, தெருவுக்கெல்லாம் தெரிந்த விஷயம் ஒரே ஒருவருக்குத் தெரியாது. 'மணக்குதோ' என்ற பட்டப்பெயரும் பவளமக்காவின் காதில் விழாமல் பார்த்துக்கொண்டோம்.

இரவல் மூக்குகளில் முதல் மூக்கு என்னுடையது. காலையில் தொலைபேசி வரும். "தம்பி, மூக்கைக் கொண்டு ஒருக்கா வாரும்." நான் கொட்டிலில் முழங்காலில் நின்று, பெற்றோல் திறக்கும் குமிழிலிருந்து கார்புரேட்டர் வரை மோந்துகொண்டு போவேன். "இஞ்சை மணக்குதோ? இஞ்சை? இப்ப?" எல்லா இடமும் மணந்தது. நான் காட்டிய இடத்தில் அண்ணை புது வொஷர் போடுவார். ஐந்து நிமிடத்தில் எனக்கு என் சட்டையே பெற்றோலாக மணக்கும். ஒருமுறை தடிமன் பிடித்து, அடைத்த மூக்கோடு போய் நின்றேன். "தடிமன் எண்டால் முதலே சொல்ல வேண்டாமே?" என்று, வேலைக்குச் சொல்லாமல் லீவு எடுத்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பின்னேரம் ஒரு போத்தல் மல்லித் தண்ணி வந்தது. பாசத்தில் இல்லை, மூக்கைத் திருத்தத்தான்.

நான் இல்லாத நாளில் தபால் கொண்டுவரும் பெண்ணைப் பிடித்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். "பொன்ஜூர் மதாம்" என்று தொடங்கி, அந்தப் பெண்ணின் மூக்கையும் டாங்கையும் மாறி மாறிக் காட்டி, "மெர்சி" என்று முடித்தார். அந்த மகராசி கடிதப் பையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து மோந்து, "காஸ்! காஸ்!" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பெற்றோலுக்கு இங்கே பிரெஞ்சில் அதுதான் பெயர். மணம் உண்டு என்பது உறுதி, இடம்தான் தெரியவில்லை.

இரவல் மூக்குக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பின்னேரம் அண்ணை வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் என்னை நிறுத்துவார். "மேலை என்ன மணக்குது?" நான் காற்றைப் பிடித்து, "மீன் குழம்பு. வெந்தயம் கொஞ்சம் தூக்கல்," என்பேன். படியேறிப் போவார். "பவளம், தெருமுனையிலேயே மீன் குழம்பு மணந்தது, வெந்தயம் தூக்கல்!" என்ற குரல் கீழே எனக்குக் கேட்கும். நாலு வருடம் இந்த ஒலிபரப்பு ஒருநாளும் தவறவில்லை.

கசிவு அகப்படவில்லை என்றதும் அண்ணை யாழ்ப்பாண வைத்தியத்துக்கு இறங்கினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஊரில் டாங்க் ஒழுகினால் வெல்டிங் இல்லை, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம்தான். ஓட்டையில் தேய்த்துவிட்டால் பெற்றோலில் கரையாது, கல்லாக நிற்கும். "ஓட்டை எங்கையெண்டு தெரியாதே அண்ணை?" என்றேன். "தெரியாட்டி என்ன, எல்லா இடமும் பூசினால் சரி," என்றார். கம்பித் தூரிகையால் டாங்கின் அடிப்பக்கம் முழுவதும் சுரண்டி, இரண்டு கட்டிச் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பினார். மணம் அடங்கிவிட்டது. பவளமக்கா பல்கனியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்து, "ம்ம்," என்றார். அது சம்மதம்.

ஆனால் புது வாகனம் என்றால் பூசை செய்யாமல் ஏறுவதா? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு உருட்டிக்கொண்டு போனோம். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் கீழே நசுக்கத் தேசிக்காய் வைத்தாயிற்று. டாங்கில் சந்தனம், குங்குமம். பக்கத்தில் சாம்பிராணி புகைந்தது. ஐயர் மாவிலையால் தண்ணீர் தெளித்தார். அண்ணை விடுவாரா? "ஐயா, நல்லா விடுங்கோ, ரெண்டு பனிக்காலம் பட்ட பாடு!" ஐயரும் மனம் நெகிழ்ந்து செம்போடு ஊற்றினார்.

சைக்கிள் நுரைத்தது. முதலில் ஒரு குமிழி. பிறகு டாங்குக்குக் கீழிருந்து வெள்ளை வெளேரென்று நுரை வழிந்து எஞ்சின்மேல் இறங்கியது. "ஐயோ, பால் சொரியுது!" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பத்துப் பேர் ஓடிவந்து கும்பிட்டார்கள். ஒருவர் நுரையைத் தொட்டு நெற்றியில் வைத்தார். அண்ணை கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். ஐயர் கற்பூரத்தைக் கொளுத்தித் தட்டை உயர்த்தினார்.

"நிப்பாட்டுங்கோ!"

சனத்தின் கடைசியில் நின்ற பவளமக்காதான். சாம்பிராணியையும் சந்தனத்தையும் தாண்டி அந்த மூக்கு கண்டுபிடித்துவிட்டது. "கற்பூரத்தை அணையுங்கோ ஐயா! பெற்றோல் மணக்குது!"

ஐயர் தட்டோடு ஓடிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. கும்பிட்டவர்கள் எல்லோரும் தெருவின் அடுத்த பக்கம் நின்றார்கள். சவர்க்காரம் கரைந்துபோக, சுரண்டியதில் பெருத்த ஓட்டையால் பெற்றோல் இப்போது பகிரங்கமாகச் சொட்டியது. அதற்குப் பக்கத்தில் அண்ணை மட்டும் கண் மூடியபடி கைகூப்பி நின்றார்.

பவளமக்கா வந்து அவரைத் தோளில் பிடித்து இழுத்தார். "பக்கத்திலை நிண்டும் உங்களுக்கு மணக்கேல்லையோ?"

அண்ணை நிலத்தைப் பார்த்தார். "இல்லை பவளம். அந்தக் கோவிட்டுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை."

"அப்ப நாலு வருசமா தெருமுனையிலேயே குழம்பு மணந்தது எண்டு சொன்னது?"

அண்ணை கையை நீட்டி என்னைக் காட்டினார். "இவர் சொன்னவர்."

பவளமக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஓட்டை டாங்குக்குள் போய் ஒளிந்திருக்கலாம் போலிருந்தது. நான் அந்தக் கோயில் பக்கம் போகாததற்கு இதுதான் காரணம்.

மூன்று நாள் அவர்கள் வீட்டில் எந்தக் குழம்பும் மணக்கவில்லை. பேக்கரிப் பாண்தான் என்று கேள்வி. நான்காம் நாள் பவளமக்கா தானே கொட்டிலுக்கு இறங்கி வந்தார். முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, சத்தி வந்தால் வரட்டும் என்று குனிந்து டாங்கைச் சுற்றி மோந்தார். "கோயிலிலை சொட்டினது இஞ்சை. சீற்றுக்குக் கீழை இந்த மடிப்பிலை இன்னொண்டு வேர்க்குது. நீங்கள் மாதக்கணக்கா வொஷர் மாத்தினது மற்றப் பக்கம்." என் மூக்கை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. இரண்டு ஓட்டைகளையும் வெல்டிங் கடையில் முறையாக அடைத்தார்கள். பிறகு மூன்று நாள் காலையில் பவளமக்கா மோந்து பார்த்தே ஒப்புதல் கொடுத்தார்.

போன கிழமை ஜோன் தாலோன் வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். சிவப்பு விளக்கில் அந்தச் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் பவளமக்கா, பெரிய ஹெல்மெட், ஒரு கை அண்ணையின் இடுப்பில். குனிந்து அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இப்ப பாண் சுடுற போறணை, வெண்ணெய் மணக்குது... அங்காலை சரக்குக் கடையிலை பெருஞ்சீரகம் வறுக்கிறாங்கள்... காத்திலை மண் மணம் வருது, மழை வரும் போலை..."

அண்ணை கண்ணை மூடவில்லை, ஆனால் மூடியவர் போலத்தான் இருந்தார். பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவர் நகரவில்லை. அக்கா இன்னும் சொல்லி முடிக்கவில்லை. என் பஸ் வந்ததைப் பார்த்தும் ஏறாமல் ரோட்டில் இறங்கி, கார்களை வளைந்து போகச் சொல்லிக் கை காட்டிக்கொண்டு நின்றேன். அவசரமில்லை, அவர்கள் ஆறுதலாகப் போகட்டும்.