தமாஷ் கேப்டன்

ஜார்ஜ் டவுனில் ஓர் இனம் உண்டு. தமாஷ் கேப்டன் என்று அதற்குப் பெயர். கடல் கடந்து இங்கே வந்த நம்மவர் பந்தாட்டக் கிளப் ஒவ்வொன்றிலும் ஒன்று இருக்கும். இரண்டு இருந்தால் கிளப்பே பிளந்துவிடும்.

எங்கள் பேட்டைக் கிளப்பில் ஸ்ரீமான் திருநாவுக்கரசு. கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மோர் ஊற்றுவார், பெருநாளைக்குச் செயலாளர் பஷீர் வீட்டுப் பிரியாணியை ஒரு கை பார்ப்பார், மேடை ஏறினால், "நம்ம கிளப்ல ஜாதி இல்ல, மதம் இல்ல, எல்லாம் ஒரே குடும்பம்" என்று முழங்குவார், இறங்கியதும், "ஏ டெக்கு, பூட்ஸ் எங்கடா?" என்பார். டெக்கு என்பது பாக்கியநாதன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், எங்கள் கோல்கீப்பர். கப்பல் டெக்கில், அதாவது மேல்தட்டில், கூலியாளாக வந்தவனாம்! இவருடைய தகப்பனார் மட்டும் புஷ்பக விமானத்திலா வந்து இறங்கினார்?

புதிதாகச் சேர்ந்தவன் முதல் மாதம் எல்லோர் பூட்ஸையும் குழாயடியில் கழுவ வேண்டும் என்பது கிளப் சம்பிரதாயம். குமாஸ்தாக்களுக்கு அந்த மாதம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். பாக்கியநாதனுக்கு மூன்று வருஷமாகியும் முடியவில்லை. யாராவது முகம் சுளித்தால், "அட, தமாசுக்குத்தான்லா!" என்பார் கேப்டன். உடனே மற்றவர்கள் பல்லை இளிப்பார்கள். தமாஷாம் தமாஷ்! அதற்கு வேறு பெயர் உண்டு ஐயா, பத்திரிகையில் அச்சிட முடியாது.

கோப்பைக்கான கடைசி ஆட்டம் வந்தது. பாக்கியநாதனின் மனைவி அன்னமேரி முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். கேப்டனுக்கு அது போதாதா? அவள் கண்ணெதிரிலேயே சேறு அப்பிய பூட்ஸை வீசி, "டெக்கு, தொடச்சு வச்சிட்டு கோலுக்குப் போ" என்றார்.

"அண்ணே, இன்னைக்காவது விடுங்க. பொஞ்சாதி பாக்குது" என்று கெஞ்சினார் பஷீர்.

"தமாசு தெரியாதாய்யா ஒனக்கு?"

பாக்கியநாதன் கிளப் சட்டையைக் கழற்றிக் கேப்டன் கையில் கொடுத்தான். "நீங்களே நில்லுங்க சார். எனக்கு மானம் பெருசு." மனைவியை அழைத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

கேப்டனே கோலில் நின்றார். பந்துகள் அவரைத் தாண்டிப் போன அழகை என்னென்று சொல்ல! கோப்பையும் போயிற்று.

வருடாந்திரக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது: பாக்கியநாதன் நீக்கம், காரணம், ஹாஸ்ய ரசனை இல்லாமை. அங்கத்தினர் ஏகமனதாக நிறைவேற்றினார்கள். பத்திரிகைக்காரனான எனக்கு ஓட்டுக் கிடையாது. ஒரே கரகோஷம். பஷீரும் தட்டினார்.

"நீர் ஏன்யா தட்டினீர்?" என்றேன்.

"எல்லாரும் தட்டுனாங்க, அதான்லா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

நீங்கள் அப்படிப்பட்டவரல்ல, எனக்குத் தெரியாதா? எதற்கும் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்திருக்கப் போகிறது.