சந்தேகம் அக்காவும் சத்தமில்லாத மிஷினும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் கடை வைத்துப் பிழைத்த எந்த வியாபாரியும் சந்தேகம் அக்காவுக்கு ஒரு பொருளை ஒரே நாளில் விற்றதாகச் சரித்திரம் கிடையாது. வாசலில் அவர் செருப்பைக் கழற்றுவது தெரிந்ததும் முதலாளிகள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். மாட்டிக்கொள்வது வேலையாட்கள்தான். அக்கா பொருளைக் கையில் எடுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "ஒரு சந்தேகம்" என்பார். அவ்வளவுதான். அந்தக் கடைக்கு அன்றைய பொழுது போச்சு.

இந்தப் பெயர் அவருக்குக் கல்யாணத்தன்று விழுந்தது. மாதா கோயில் நிறைய ஜனம். "ஆரோக்கியசாமி லூர்துவை உன் கணவனாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று சாமியார் கேட்டிருக்கிறார். மணப்பெண் நிமிர்ந்து, "ஒரு சந்தேகம் சாமி" என்றிருக்கிறார். கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பெண்ணின் அப்பா பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இவரு பேரு லூர்து ஆரோக்கியசாமி. நீங்க மாத்திப் படிக்கிறீங்க. நாளைக்கு இந்தக் கல்யாணம் செல்லுமா, செல்லாதா?"

சாமியார் பெயரைத் திருத்திப் படித்துக் கல்யாணத்தை முடித்துவைத்தார். "அந்த அரை நிமிஷத்துல போன உசிரு இன்னும் முழுசா திரும்பலப்பா" என்று லூர்து மாமா எங்களிடம் சொல்வார். மனைவி பக்கத்தில் இல்லாதபோதுதான் சொல்வார்.

நான் அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குக்கர் வாங்கக் கூடப் போனேன். கடையில் போய் உட்கார்ந்ததும் அக்கா பையைத் திறந்து அரிசி, பருப்பு, நறுக்கிய கத்தரிக்காய் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். "சாதம் வெந்தாத்தான குக்கரு. வேகலைன்னா அது வெறும் பாத்திரம்" என்றார். கடைக்காரர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்து, கடைசியில் பின்பக்கம் அடுப்பு பற்றவைத்தார். சாம்பார் சாதம் ஆனது. கடை ஆட்கள் அத்தனை பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அக்கா மட்டும் குக்கரின் அடியைச் சுரண்டிப் பார்த்து, "அடி புடிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அவருக்குத் தொழில் தோட்டக் கான்ட்ராக்ட். காலேஜ், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி என்று எங்கெல்லாம் புல்வெளி இருக்கிறதோ அங்கெல்லாம் புல் வெட்டி, செடி கத்தரித்து, சருகு தள்ளி, பளிச்சென்று வைத்துக் கொடுக்க வேண்டும். நான் சூப்பர்வைசர். வேலை செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி அஞ்சலை. ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். குள்ளமான ஆள், புல் வெட்டுகிற பெட்ரோல் கட்டரைத் தோளில் மாட்டினால் கட்டர் அவளைத் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கும்.

எங்கள் பிழைப்பில் பாதி, நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் புல்வெளி. ஒரு வியாழக்கிழமை, அங்கே புதிதாக வந்திருந்த தலைமை டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"இதய நோயாளிங்க படுத்திருக்கிற ஜன்னலுக்கு நேர் கீழ உங்க மிஷின் கத்துது. உள்ள புகை வேற வருது. திங்கக்கிழமையிலேர்ந்து பெட்ரோல் மிஷின் கேட்டைத் தாண்டக் கூடாது. பேட்டரி மிஷின் கொண்டு வாங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, சென்னைக் கம்பெனி ஒண்ணு ரெடியா இருக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். பிளாஸ்டிக் வாளி வாங்குவதற்கே மூன்று வாரம் யோசித்த மனுஷி. இதுவோ எங்கள் ஊர்ப்பக்கம் அப்போது யாருமே கண்ணால் பார்த்திராத மிஷின். கையில் இருந்தது வெள்ளி, சனி, ஞாயிறு.

வெளியே வந்ததும் அஞ்சலை கேட்டாள், "யக்கா, நம்ம வேலை போய்டுமா?"

அக்கா கேட்டைப் பார்த்து நடந்தார். தலையைக்கூடச் சாய்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நிலைமை மோசம் என்று எனக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க போன் போட்டு, சனிக்கிழமை காலை மிஷின் விற்கிற இரண்டு பேரை ஆஸ்பத்திரிப் புல்வெளிக்கே வரவழைத்தோம். ஒருவர் சென்னையிலிருந்து காரில், டை கட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர் பாண்டிச்சேரியிலிருந்து பைக்கில், பின்சீட்டில் மிஷினைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். டைக்காரரின் மிஷினுக்குப் பேட்டரி தனி. ஸ்கூல் பை மாதிரி முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும். பாண்டிக்காரரின் பேட்டரி செங்கல் அளவுதான். மிஷின் பின்னாலேயே செருகிக்கொள்ளும்.

"எவ்ளோ நேரம் ஓடும்?" என்று ஆரம்பித்தார் அக்கா.

"அது புல்லைப் பொறுத்தது மேடம்" என்றார் டைக்காரர்.

"எந்தப் புல்லு? நீங்க படத்துல காட்டற புல்லா, இங்க மொளைச்சிருக்கற கோரையா?"

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் டெஸ்ட் அல்ல, போலீஸ் விசாரணை. இரண்டு மிஷினையும் அஞ்சலையிடம் கொடுத்து ஈரக் கோரையில் இறக்கினார். தகரக் கூரைக்கு அடியில் வெயிலில் வைத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னார். பேட்டரியைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். மழையில் நனைந்தால் என்ன ஆகும், ஜெனரேட்டர் கரண்டில் சார்ஜ் ஏறுமா, இதே பேட்டரியை வேலி கத்தரிக்கிற மிஷினுக்கும் சருகு ஊதுற மிஷினுக்கும் மாட்டலாமா, ரிப்பேர் ஆனால் எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டைக்காரர் டையைத் தளர்த்தினார். பிறகு கழற்றினார். பாண்டிக்காரர் ஒவ்வொரு கேள்விக்கும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்" அல்லது "பாத்துடலாம்மா" என்றார்.

டைக்காரர் மிஷின் நிற்காமல் ஓடியது. பாண்டிக்காரர் பேட்டரி பாதியிலேயே படுத்துவிட்டது. அவர் அடுத்த பேட்டரியைச் செருகி மறுபடி ஓட்டினார். எனக்கு விஷயம் முடிந்த மாதிரி இருந்தது. "அக்கா, சென்னை மிஷினே முடிச்சிடலாம். டைம் இல்ல" என்றேன்.

"ஒரு சந்தேகம்" என்றார்.

"இன்னும் இன்னாக்கா?"

"சத்தம் கம்மின்னு நாம சொல்றோம். நாம நின்னுக்கினு கேக்கறோம். பேஷண்டு படுத்துக்கினு இல்ல கேப்பாங்க?"

அடுத்து என்ன செய்வார் என்று நான் அப்போதே ஊகித்திருக்க வேண்டும். அக்கா வார்டு ஆளிடம் பேசி ஒரு பழைய ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு வந்து, இதய நோயாளிகள் ஜன்னலுக்கு நேர் கீழே புல்லில் நிறுத்திவிட்டார். ஏறி மல்லாந்து படுத்தார். வெயிலுக்கு முகத்தில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டார். "நான் சொல்ற வரைக்கும் யாரும் நிறுத்தக் கூடாது" என்று உத்தரவு. அஞ்சலை டைக்காரர் மிஷினை முதுகில் மாட்டி, ஸ்ட்ரெச்சரைச் சுற்றி வெட்ட ஆரம்பித்தாள்.

மாடியில் ஒரு நர்ஸ் ஜன்னலைத் திறந்தார். கீழே அசையாமல் கிடக்கும் பெண். முகமெல்லாம் சிவப்பு. பக்கத்தில் ஓடும் மிஷின்.

"ஐயோ! அந்தம்மா மூஞ்சிய மிஷின் வெட்டிடுச்சு!"

அடுத்த நொடி ஆஸ்பத்திரி முழுக்க மணி அடித்தது. கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தார், மாடிப்படியில் தடதடவென்று ஆட்கள் இறங்கினார்கள். அஞ்சலை பயத்தில் மிஷினை நிறுத்தும் பொத்தான் எதுவென்று மறந்து, ஓடும் மிஷினோடு அப்படியே சிலையாக நின்றாள். டைக்காரர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "நான் ஓட்டல சார்! எங்க கம்பெனி ஆளு ஓட்டல!" என்று தன் காரை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்தார். பாண்டிக்காரர்தான் பாய்ந்து வந்து, அஞ்சலை முதுகிலிருந்த அந்நியக் கம்பெனிப் பேட்டரியின் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு அவசர வார்டை நோக்கி ஓடினார். "அம்மா, கண்ணைத் தொறங்கம்மா! அம்மா!"

துண்டுக்கு அடியிலிருந்து அதட்டல் வந்தது. "யாருய்யா மிஷின நிறுத்துனது? டெஸ்ட்டு முடியல."

அதற்குள் அவரைக் கட்டிலுக்கு மாற்றி, கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிவிட்டார்கள். டாக்டரம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அபத்தமாகக் கேட்டது.

"திங்கக்கிழமை காலையில நானே ஜன்னல்ல நின்னு பாப்பேன்" என்றார் டாக்டரம்மா. "இன்னொரு தமாஷ் நடந்துச்சுன்னா அத்தோட சரி." போகிறபோது பிரஷர் மீட்டரைத் திரும்பிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "பிரஷர் இவ்ளோ ஏறியிருக்கே. மாத்திரை போடறீங்களா?"

அக்கா தலையாட்டினார். போடுவதாகவா, போடவில்லை என்றா, தெரியவில்லை. டாக்டரம்மா போன பிறகு மீட்டரில் நின்ற எண்ணை நானும் பார்த்தேன். அக்கா கேட்ட சந்தேகமெல்லாம் வெறும் பிடிவாதம் என்று இரண்டு நாளாக நினைத்திருந்தேன்; உள்ளே அத்தனையும் பயம்.

"சென்னை மிஷின் நல்ல மிஷினுப்பா" என்றார் மெதுவாக. "நாள் பூரா ஓடும். அஞ்சலை முதுகு ஓடுமா? காலையில எறக்கி வெச்சப்போ அவ தோளப் பாத்தியா? பட்டை பதிஞ்ச எடம் செவந்து கெடக்குது. கேட்டா ஒண்ணும் இல்லக்கான்றா. வேலை போய்டுமோன்னு சொல்ல மாட்டேங்கறா."

நான் பார்த்திருக்கவில்லை.

"பாண்டி மிஷின் சின்னது. பேட்டரி தீந்துச்சுன்னா நாலஞ்சு கூட வாங்கி மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். வேலி கத்தரிக்கறதுக்கும் அதுவே ஆவும். அப்புறம், அந்த ஆளு ஓடிவந்தாரு இல்ல? அடுத்தவன் மிஷின்னுகூடப் பாக்கல. ரிப்பேருன்னு கூப்ட்டா வருவாரு."

அப்படித்தான் சந்தேகம் அக்கா தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளை ஒரே நாளில் வாங்கினார். அதுவும் படுத்தபடியே.

ஞாயிற்றுக்கிழமை காலை பேட்டரிகள் வந்து இறங்கின. கூடவே கரண்ட் போனது. ஏதோ டிரான்ஸ்பார்மர் கோளாறு, சாயங்காலம் ஆகும் என்றார்கள். பூசை முடிந்ததும் அக்கா நேராகக் கோயில் மண்டபத்துக்குப் போனார். அங்கே யாருடைய கல்யாணத்துக்கோ ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிரியாணி அண்டாக்களுக்கு நடுவில் எங்கள் சார்ஜர்கள் வரிசையாகப் பச்சை விளக்குக் காட்டின. கரண்டுக்குக் கைம்மாறாக, யாரென்று தெரியாத பெண் வீட்டாருக்கு அக்கா இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை. டாக்டரம்மா சொன்னபடியே மாடி ஜன்னலில் நின்றார். அஞ்சலை பொத்தானை அழுத்தினாள். பெரிய வண்டு ஒன்று பறக்கிற மாதிரி ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். புல் சீராக விழுந்தது. நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான், பக்கத்தில் சருகு தள்ளிக்கொண்டிருந்தவளைப் பார்த்து அஞ்சலையின் குரல் எழுந்தது.

"ஏய் செல்வீ! எங்க நாத்தனா கதைய கேளுடீ!"

வருஷக்கணக்காகப் பெட்ரோல் மிஷினுக்கு மேலே கத்திக் கத்திப் பேசிய தொண்டை. மிஷின் அடங்கிவிட்டது, தொண்டைக்கு அது தெரியவில்லை. "அவ மாமியாக்காரி தங்கச் செயின கேப்பைப் பானையில ஒளிச்சி வெச்சிட்டு மறந்துட்டாடீ! இவ அந்தக் கேப்பைய அப்படியே மாவு மிஷினுக்குக் குடுத்தனுப்பிச்சுட்டா! அந்த மாமியாக்காரி இருக்காளே, எப்பவும் மூஞ்சிய உர்ர்ருனு வெச்சிக்கினு, நம்ம டாக்டரம்மா மாதிரியேடீ!"

ஆஸ்பத்திரி வளாகம் முழுக்க எதிரொலித்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். டாக்டரம்மா அங்கே இல்லை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. அஞ்சலை விஷயம் புரிந்து, மிஷினை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா புல்லில் இறங்கி அவள் முன்னால் வந்து நின்றார். 

"செயின் கெடைச்சுதா, இல்லையா?"

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணாம் பெட்ல இருக்கிற ஐயா கேட்டுட்டு வரச் சொன்னாரு. ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் எழுந்து உக்காந்திருக்காரு, உன் கதையக் கேக்கறதுக்கு." உதட்டை இறுக்கிக்கொண்டுதான் பேசினார், ஆனால் கண் சிரித்தது. "சீக்கிரம் சொல்லு. நாளையிலேர்ந்து மெதுவாப் பேசு."

செயின் கிடைத்தது. மாவு மிஷின்காரர் வீட்டம்மா எடுத்து வைத்திருந்து கொடுத்திருக்கிறார். மாடி ஜன்னலில் யாரோ கை தட்டினார்கள். கான்ட்ராக்ட், நான் வேலையை விட்டுச் சென்னைக்கு வருகிற வரைக்கும் எங்களிடமே இருந்தது. பாண்டிக்காரர் கூப்பிட்டபோதெல்லாம் வந்தார்.

பெண்கள் மெதுவாகப் பேசப் பழகிய பிறகு இன்னொரு விஷயம் எங்கள் காதில் விழுந்தது. அக்கா பாடுவார். வெட்டிய புல்லைப் பார்த்தபடி எங்கள் பின்னால் நடந்து வரும்போது, மாதா பாட்டு ஒன்றை, சுருதி சேராமல், தனக்குள்ளேயே பாடிக்கொண்டு வருவார். எத்தனை வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தாரோ, பெட்ரோல் மிஷின் எங்களைக் கேட்கவே விட்டதில்லை. நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். பார்த்தால் நிறுத்திவிடுவார்.

இப்போது நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுத் தோட்டத்தில் பேட்டரி மிஷின்தான் புல் வெட்டுகிறது. காலையில் அந்த ரீங்காரம் கேட்டால் ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன். மிஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. கூட ஒரு பாட்டு இல்லாததுதான் குறை.