சான் இசித்ரோவைக் குதிக்க வைத்த ஷாக் அப்சார்பர்

எஸ்பன்யோலா,
மே 17

டென்வரில் பெரிய உத்தியோகம் பார்க்கும் மருமகப்பிள்ளை ருமால்தோவுக்கு, உன் தாய்மாமன் எலிசியோ ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம், மிளகாய் நாற்றும் சுகம். உன் வண்டிதான் சுகமில்லை. இப்படி ஆகும் என்று பிப்ரவரியிலேயே சொன்னவன் நான். யார் கேட்டார்கள்?

நீ ஆசைப்பட்டுத் தரையோடு தரையாக இறக்கி வைத்த ஐம்பத்துநாலாம் வருஷத்துச் செவர்லே பிக்கப்புக்கு ஷாக் அப்சார்பர் நாலும் எண்ணெய் கக்கிவிட்டன. வாய்க்கால் மந்திரிக்கும் திருநாளில் உழவர்களின் புனிதர் சான் இசித்ரோவின் சுரூபம் பதினோரு வருஷமாக அதில்தான் பவனி வருகிறது, அந்த மரியாதையை விட முடியுமா? புது ஷாக்குக்கு அளவெடுக்கிறேன் என்று உன் அப்பா, என் மச்சான் பிதென்சியோ, வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது டேப்பைப் பிடித்தார். அப்படி அளந்தால் ஷாக் நீளமாகத்தானே வரும்? இறக்கின வண்டிக்குக் குட்டை ஷாக்தான் வேண்டும், அமுங்க இடம் வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கோழிக்கே தெரியும். "மச்சான், வண்டிய தரையில இறக்கி, ஆளுங்கள ஏத்தி உக்கார வச்சு அளங்க"ன்னு தொண்டை கிழியச் சொன்னேன். ம்ஹூம், நீள ஷாக்கே மாட்டியாயிற்று.

திருநாளன்று ஏறினது யார் யார் என்றால், சுரூபம், அதன் மர எருது இரண்டு, கிதார்க்காரர் நாலு பேர், சுரூபத்தைத் தாங்கிப் பிடிக்க நான். என் எடை இங்கே முக்கியமில்லை. பின்பக்கம் ஒரு விரல் நுழைய இடமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. பின்னால் இரண்டாயிரம் ஜனம். எண்பது என்பார் பாதர், அவருக்குக் கண் மங்கல். மாடு தாண்டாமலிருக்க ரோட்டில் கம்பி பதித்திருக்கிறதே, அதில் ஏறியதும் ஷாக் அடிமுட்டி 'டங்'கென்றது பாரு, சான் இசித்ரோ பாப்ளார் மர உயரத்துக்கு எகிறி வாய்க்காலில் விழுந்து, தொப்பி கழலாமல் அரை மைல் மிதந்துபோய், யார் வயலில் ஒதுங்கினார் தெரியுமா? அபுந்தியோ வயலில்! பதினோரு வருஷமாக இந்த மரியாதைக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிற அதே அபுந்தியோ. சுரூபத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து அவன் சொல்கிறான்: "அவருக்கே உங்க வண்டி பிடிக்கல எலிசியோ, இறங்கி நீந்தியே வந்துட்டாரு."

அடுத்த வருஷம் அபுந்தியோவின் வைக்கோல் டிராக்டரிலேயே போகட்டும் என்கிறார் பாதர். வரும் ஞாயிறு பூசையில் அறிவிக்கப்போகிறாராம். ஆகையால் இதைக் கண்டதும் நீ பாதருக்கு எழுது: வண்டியில் குற்றமில்லை, மாமாவிடமும் குற்றமில்லை, தப்பாக அளந்தது அப்பாதான் என்று. உன் படிப்புக்கு அவர் மதிப்புக் கொடுப்பார்.

உனக்கு நீண்ட ஆயுசும், உன் வண்டிக்குக் குட்டை ஷாக்கும் கிடைக்க வேண்டிக்கொள்ளும்,
மாமா எலிசியோ

பின்குறிப்பு: ஒரே ஒரு சங்கதி மட்டும் மேலே கை தவறி மாறிவிட்டது. ஜாக்கியில் தூக்கி டேப் பிடித்தவன் நான். தரையில் இறக்கி அளக்கச் சொன்னது உன் அப்பா. பிப்ரவரியில் சொன்னதும் அவரேதான். பாதர் கேட்டபோது நான் உன் அப்பாவைக் கைகாட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, "ஆமா பாதர், நான்தான் அளந்தேன்"னு சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் பாதருக்கு எழுதும்போது என் பேரையே போட்டுவிடு. எடையை மட்டும் எழுதாதே.