அணிக்குத் தேர்வான உடை

நீச்சல் போட்டியில் கலந்துகொள்ள மூன்று பொருள்கள் அவசியம்: தண்ணீர், உடை, நீச்சல் சங்கத்தின் அனுமதி. முதல் இரண்டும் எப்படியாவது கிடைத்துவிடும். மூன்றாவதற்கு மனு எழுத வேண்டும். மனு எழுதுவதில் தவளை கெட்டிக்காரி. அவள் பட்ட பாட்டுக்கெல்லாம் அதுதான் காரணம்.

தவளை என்பது அவளுடைய அக்கா வைத்த பெயர். காலை மடக்கி உதைத்துத் தவளை மாதிரி நீந்தும் இருநூறு மீட்டர் போட்டிதான் அவளுடையது. எட்டு வருடமாக விடியுமுன் குளத்தில் இறங்கி, தோள்பட்டை கழன்று விழும்வரை நீந்திவிட்டு, ஈரத் தலையோடு தபால் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தேசிய அணியில் சேர்ந்து ஒரே ஒரு தடவை வெளிநாட்டுப் போட்டியில் நீந்திவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வயது இருபத்தேழு ஆகிவிட்டது. இந்த முறை விட்டால் அடுத்த தேர்வுக்கு நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரை தோள் காத்திருக்காது.

மூன்று வருடமாகப் போட்டிகளில் அவளுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தவளுக்குச் சுறா என்று பட்டப்பெயர். போன வருடம் அந்தச் சுறா ஒரு புது உடையில் வந்து நின்றாள். தோளிலிருந்து முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கிற, தண்ணீர் ஒட்டாத, தையலே இல்லாமல் ஒட்டிச் செய்த உடை. அன்றைக்குத் தவளையைவிட இரண்டு வினாடி முன்னால் போய்ச் சுவரைத் தொட்டாள். தவளைக்கு வயிறு எரிந்தது. அன்று மாலையே சங்கத்துக்கு மனு எழுதிவிட்டாள்.

"ஜெயித்தது அவள் அல்ல, உடை. அந்த உடைக்குள் ஒரு விறகுக்கட்டையை நுழைத்துத் தண்ணீரில் போட்டிருந்தாலும் அதே நேரத்தில் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே நீந்தியது யார் என்பதைச் சங்கம் ஆராய்ந்து முடிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

சங்கம் அந்த மனுவை மற்ற மனுக்களைப்போல நடத்தவில்லை. படித்தது. படித்துவிட்டு ஒரு குழு அமைத்தது. குழுவுக்கு உட்கார நாற்காலி இல்லாததால் நாற்காலிக்கு ஒரு துணைக்குழு அமைத்தது. ஒரு வருடம் போயிற்று, பதில் வரவில்லை. தேர்வுப் போட்டி நெருங்கியதும் அக்கா பொறுமையிழந்தாள். மனுவைப் போட்டுக்கொண்டு நீந்த முடியாது, நாமும் அந்த உடையில் ஒன்று வாங்கிவிடுவோம் என்று சொல்லி, தன் மூன்று மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கடையில் கொட்டினாள்.

அந்த உடையைப் போடுவது தனி வித்தை. நகம் பட்டால் கிழிந்துவிடும் என்று அக்கா முந்தின நாளே தன் பத்து விரல் நகங்களையும் ஒட்ட வெட்டியிருந்தாள். துணி வழுக்கி ஏறுவதற்காகத் தவளையின் இரண்டு பாதத்திலும் பிளாஸ்டிக் பையை மாட்டி, விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி மேலே ஏற்றினாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசியில் தங்கையின் முதுகில் முழங்காலை ஊன்றித் தோள்பட்டியை இழுத்துவிட்டாள்.

"மூச்சு விட முடியுதாடி?"

"பாதிதான் வருது."

"பாதி போதும். போ."

தவளை அன்று நீந்தியதைப்போல அதற்கு முன் நீந்தியதில்லை. சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தால், தேசியச் சாதனை ஒன்றரை வினாடி வித்தியாசத்தில் உடைந்து கிடந்தது. தண்ணீருக்குள்ளேயே அழுதாள். அத்தனை சந்தோஷத்தை அவள் ஆயுளில் கண்டதில்லை. அது சரியாக இரண்டு மணி நேரம் நீடித்தது.

சங்கத்தின் செயலாளர் அவளைத் தம் அறைக்கு அழைத்து, எழுந்து நின்று கைகொடுத்தார். மேஜைமேல் அவளுடைய பழைய மனு கயிறு கட்டிய கோப்பாகக் கொழுத்துக் கிடந்தது.

"வாழ்த்துகள்மா. உங்க மனுவைச் சங்கம் முழுசா ஏத்துக்கிச்சு. காலையிலதான் தீர்மானம் போட்டோம். இனிமே நீந்துறது உடைதான்."

"ரொம்ப நன்றி சார். அப்ப சுறாவோட பதக்கம்?"

"திரும்ப வாங்கி அவங்க உடைக்குக் குடுத்தாச்சு. இன்னிக்குச் சாதனையும் உங்க உடை பேர்லதான் பதிவாயிருக்கு. அணிக்கும் அதுதான் தேர்வாயிருக்கு."

தவளைக்கு அந்தப் பாதி மூச்சும் நின்றது. "சார், தண்ணியில நீந்தினது நான்தானே சார்?"

செயலாளர் கோப்பைப் புரட்டி, வரியின்மேல் விரலை வைத்தார். "விறகுக்கட்டைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா. கையெழுத்து உங்களுதுதானே?"

கையெழுத்து அவளுடையதுதான். கொட்டை எழுத்தில், அழகாக, தேதியோடு இருந்தது.

அன்றே உடையைச் சங்கம் பயிற்சி முகாமுக்கு எடுத்துக்கொண்டது. தேர்வான வீராங்கனையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது விதிப்படி குற்றம் என்றார்கள். குளிரூட்டிய அறையில் அதை ஹேங்கரில் மாட்டினார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கான படிவத்தில் வயது எட்டு மாதம், நிறம் கறுப்பு, தகப்பன் பெயர் என்ற இடத்தில் தொழிற்சாலையின் பெயர் என்று நிரப்பினார்கள். மருத்துவர் வந்து நெஞ்சுப் பகுதியில் குழாயை வைத்துப் பார்த்தார். இதயத் துடிப்பில் எந்தக் கோளாறும் தென்படவில்லை என்று உண்மையையே எழுதிக் கொடுத்தார்.

பத்திரிகையில் ஹேங்கரின் படம் வந்ததும் ஊரே அந்த உடையை வாங்கியது. தண்ணீரைக் கண்டால் அலறுகிற குழந்தைகளுக்குக்கூட வாங்கிக் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் சட்டைக்கு உள்ளே ஒன்றைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். மூச்சு முட்டியதால் கூட்டத்தை இருபது நிமிடத்திலேயே முடித்துக்கொண்டார். வழக்கமாக மூன்று மணி நேரம் ஓடுகிற கூட்டம் அது. உடையின் வேகத்துக்கு ஆதாரமாக அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு சிறு சிக்கல் மட்டும் இருந்தது. உடை தானாகக் குதிக்கவில்லை. ஆகவே 'உடை உதவியாளர்' என்ற பதவியை உருவாக்கி, உள்ளே நுழையக்கூடியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். தன் உடையைத் தானே போட்டுக்கொள்ள அனுமதி கேட்டுத் தவளையும் விண்ணப்பித்தாள். மானத்தைப் பார்த்தால் வெளிநாட்டுப் போட்டி போய்விடும்.

நேர்காணலில் செயலாளர் அவளை முன்பின் பார்த்திராதவர்போல உட்காரச் சொன்னார்.

"நீந்தத் தெரியுமா?"

"தெரியும் சார். எட்டு வருஷமா நீந்துறேன்."

செயலாளர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அதான் இடிக்குது. நீந்தத் தெரிஞ்சவங்க உள்ள இருந்தா உடையோட வேலையில குறுக்கிடுவாங்க. அப்புறம் யார் நீந்தினதுன்னு இன்னொருத்தர் மனு போடுவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அந்தப் பதவிக்குத் தலைவரின் மச்சினி மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் குளியலறை வாளியைத் தாண்டி ஆழம் பார்த்தவளல்ல. குறுக்கீடு சிறிதும் இல்லாத விண்ணப்பதாரர் என்று குழு ஒருமனதாக எழுதியது. உறவைப் பற்றி யாரும் பேசவில்லை. தகுதி அவ்வளவு பளிச்சென்று இருந்தது.

வெளிநாட்டுப் போட்டியைத் தவளை வீட்டில், அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் பார்த்தாள். சீட்டி ஒலித்ததும் எட்டுப் பேரும் குதித்தார்கள். ஏழு பேர் போனார்கள். இருபத்து நான்காம் அளவு கறுப்பு உடை மட்டும் தண்ணீரில் மிதந்தது. உள்ளே இருந்தவளை மூழ்கவிடாமல் அது கடைசிவரை தாங்கிப் பிடித்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மற்ற ஏழு பேரும் ஏறித் தலை துவட்டி முடித்த பிறகு, காவலுக்கு நின்றவர் ஒரு நீளக் கம்பை நீட்டி அவளைக் கரைக்கு இழுத்தார். அக்கா எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு, தங்கையின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். தவளை அன்று விக்கி விக்கி அழுதாள்.

பத்து நாள் கழித்துச் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. அறைக்குள் நுழைந்தால் செயலாளர் இந்த முறை எழுந்திருக்கவில்லை. மேஜைமேல் உடை தொளதொளவென்று கிடந்தது. தீர விசாரித்ததில் ஓர் உண்மை வெளிவந்திருப்பதாக அவர் தொடங்கினார். துணிக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. நீந்துவது ஆள்தான்.

தவளைக்குக் கண் மலர்ந்தது. "அதைத்தான் சார் நானும் சொன்னேன். அப்ப என் சாதனை எனக்குத்தானே?"

"அது போன தீர்மானத்துக் கணக்கும்மா. உடையோடது உடைக்குத்தான். இந்தத் தோல்விதான் புதுத் தீர்மானத்துல வருது. இது ஆளுக்கு."

"அந்த ஆள் நான் இல்லையே சார். தலைவர் வீட்டுப் பொண்ணுதானே குதிச்சாங்க?"

"அவங்க உதவியாளர். உடைக்குச் சொந்தக்காரர்னு பில்லுல இருக்கிறது உங்க பேர். தோல்விக்கு இங்க ஒரு கையெழுத்து போட்டுட்டு உடையை எடுத்துக்குங்க."

கையெழுத்துப் போடாவிட்டால் உடை வராது. உடை வராவிட்டால் அக்காவின் மூன்று மாத உழைப்பு அந்த மேஜையிலேயே மட்கிப்போகும். போட்டாள். இந்த முறை எழுத்து அழகாக வரவில்லை.

வெளியே நடைபாதையில், புது உடையை அணிந்த குழந்தைகளோடு பெற்றோர்கள் சங்கத்தில் சேர வரிசையில் நின்றிருந்தார்கள். ஒரு குழந்தைக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்னும் உடை வாங்காத ஓர் அம்மாள், தவளையின் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"இதைப் போட்டா என் பொண்ணு ஜெயிச்சுருவாளாம்மா?"

"ஜெயிக்கிறதை உடை பார்த்துக்கும். தோத்தா மட்டும் உங்க பொண்ணு பேரை எழுதிக்குவாங்க."

அந்த அம்மாள் முதல் வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திக்கொண்டு, கடையின் விலாசத்தைக் கேட்டாள். தவளை தெருப் பெயர், முனையில் இருக்கும் மருந்துக்கடை, படியேறி இடது பக்கம் என்று விளக்கமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, தானும் அங்கேதான் போவதாகவும், நான்கு வருடம் கழித்து வரும் தேர்வுக்கு இதைவிட இறுக்கமாக, ஓர் அளவு சின்னதாக வாங்கப் போவதாகவும் சொல்லி, அந்த அம்மாளோடு சேர்ந்து நடந்தாள்.