கம்பளி போர்த்திய கீரை

ஆஹென், மேற்கு ஜெர்மனி,
14-12-1969

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணாவுக்கு,

தங்கை சியாமளா வணங்கி எழுதுவது. இங்கே நானும், உங்கள் மாப்பிள்ளையும், மாசியில் வரவிருக்கும் உங்கள் மருமகப் பிள்ளையும் நலம். கோயமுத்தூரில் நீங்கள், அண்ணி, அம்மா எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். விசாரித்து எழுதி நீங்கள் பதில் போடுவதற்குள் யாருக்காவது ஜலதோஷம் வந்து போயே போயிருக்கும்.

நீங்கள் அனுப்பிய முளைக்கீரை விதை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். விவசாய இலாகாவில் அதிகாரியாக இருப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தள்ளிப்போட்டேன். மசக்கையில் எனக்குக் கீரை மசியல் தவிர வேறெதுவும் இறங்காமல் போனதும், கடைகடையாக ஏறி இறங்கியும் உங்கள் மாப்பிள்ளைக்குக் கீரை என்று சொல்லத்தக்க எதுவும் கிடைக்காமல் போனதும் உங்களுக்குத் தெரியும். ஆவணியில் விதைத்தால் அமோகமாக வரும் என்று நீங்கள் எழுதினீர்கள், அண்ணா. வந்தது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள் பிராவ் ஹெர்மன்ஸ் (திருமதிக்கு இங்கே பிராவ்) கொல்லைப்புறத்தில் ஒரு பாத்தி விட்டுக்கொடுத்தாள், விதைத்தோம், விரற்கடை உயரம் வந்தது, இவர் தினமும் போய் அதற்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டுத்தான் காலேஜுக்குப் போனார். ஐப்பசியில் ஒருநாள் காலையில் பார்த்தால் அத்தனையும் வெந்நீரில் முக்கி எடுத்த மாதிரி துவண்டு கிடக்கிறது. நான் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். கீரைக்காக அழுகிறோமே என்ற வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

பிராவ் ஹெர்மன்ஸ் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். வந்தாள், தன் பாத்தியில் ஒரு வரிசையைக் கையால் காட்டினாள், பிறகு என் வயிற்றைக் காட்டினாள், உனக்குத்தான் என்பது போல் தலையாட்டினாள். அதுவும் ஒரு கீரைதான் அண்ணா, முட்டைக்கோசுக்குச் சுருட்டை முடி முளைத்த மாதிரி, முழங்கால் உயரம். சந்தோஷத்தில் நான் அப்போதே ஒரு இலையைக் கிள்ளப் போனேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு இவரும் இறங்கி வந்தார். அவள் ஏதேதோ சொன்னாள். அதில் எங்கள் இருவருக்கும் புரிந்த ஒரே வார்த்தை ஃப்ராஸ்ட். இங்கிலீஷிலும் உறைபனிக்கு அதே பேர்தானே. இவர் உடனே விளக்கினார்: உறைபனி வருகிறது, ஜாக்கிரதை, செடியைக் காப்பாற்று என்கிறாள். முளைக்கீரை போன துக்கத்தில் இருந்த எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

உங்கள் மாப்பிள்ளை இங்கே ஆராய்ச்சி செய்வது வெப்பம் எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது என்பதைப் பற்றி. ஆகவே அது எங்கும் போகாமல் கீரையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். முதலில் நீங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த காஷ்மீர் கம்பளி போயிற்று. சாயங்காலம் போர்த்திவிட்டு வந்தோம். காலையில் அந்தக் கம்பளி அழகாக மடித்து எங்கள் மாடிப்படியில் இருந்தது, கீரை வெறுமனே நின்றது. மறுநாளும் போர்த்தினார், மறுநாளும் மடித்து வந்தது. இவருக்கு முகம் சிவந்துவிட்டது. தானம் கொடுத்துவிட்டு மனசு மாறிவிட்டாள், செடி செத்தால் நமக்குச் சேராது என்று பார்க்கிறாள் என்றார். பிறகு குச்சி நட்டு என் பழைய சுங்குடிச் சேலையைச் சுற்றிக் கட்டினார். அது இஸ்திரி போட்டுத் திரும்பி வந்தது. அதையும் இவர் அவமானக் கணக்கில்தான் சேர்த்தார்.

கடைசியில் வெந்நீர் ரொப்பும் ரப்பர் பையை வேரோரம் வைத்து, மேலே சாக்குப் போட்டு மூடிவிட்டு வந்தார். காலையில் கதவு தட்டும் சத்தம். பிராவ் ஹெர்மன்ஸ், கையில் ரப்பர் பை, புதிதாக வெந்நீர் ஊற்றிச் சுடச்சுட. அதை என் இடுப்பில் வைத்து அழுத்தி, என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். விரோதம் பாராட்டுகிறவள் வெந்நீர் ஊற்றித் தருவாளா என்று இவரிடம் கேட்டேன். நீ சும்மா இரு, இதெல்லாம் ஐரோப்பிய அரசியல் என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இந்த வீட்டில் இனி இருப்பது மானக்கேடு, காலி செய்கிறோம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றார். மாசியில் பிரசவத்தை வைத்துக்கொண்டு, இந்தக் குளிரில், வேறு வீடு தெரியாத ஊரில். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். நேற்றுக் காலை கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, அகராதியைப் பார்த்துப் பாடம் பண்ணிய வாக்கியத்தோடு கீழே இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். கதவு திறந்ததும், 'நாங்கள் போகிறோம்' என்று ஜெர்மனில் சொன்னார். பதற்றத்தில் முதல் இரண்டு வார்த்தை இடம் மாறிவிட்டது போலிருக்கிறது. அப்படி மாறினால் அந்த பாஷையில் 'வாங்க, போகலாம்' என்று அர்த்தமாம். அவள் ரொம்ப சந்தோஷமாகத் தலையாட்டி, பூட்ஸை மாட்டிக்கொண்டு, இவர் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கீரை மேல் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி உறைபனி. அவள் ஒரு இலையை ஒடித்தாள், அப்பளம் மாதிரி நொறுங்கியது. இவர் வாயில் திணித்தாள். இவர் மென்றார். தானே இன்னொரு இலையை ஒடித்தார்.

"இனிக்குது, சியாமளா" என்றார்.

உறைபனி பட்டால்தான் அதற்கு ருசியே வருமாம், அண்ணா, அகராதியைப் புரட்டிப் புரியவைத்தாள். அதற்காகத்தான் அன்றைக்கு என் கையைத் தடுத்திருக்கிறாள், கம்பளியையும் எடுத்திருக்கிறாள். பாவம், வெயில் தேசத்துக்காரர்கள் செடிக்குக்கூடக் குளிரும் என்று நினைக்கிறார்களே என்று அவளும் எங்களுக்காக வருத்தப்பட்டிருக்கிறாள். நேற்று மத்தியானம் துவரம்பருப்புப் போட்டு, சீரகம் மிளகாய் தாளித்து மசித்தேன். பிராவ் ஹெர்மன்ஸும் எங்களோடு சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, இரண்டாம் தரம் தட்டை நீட்டினாள்.

ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனிக்குள் இவர் ஆராய்ச்சி முடிகிறது. ஆடியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரோடு வந்துவிடுகிறோம், அம்மாவிடம் தேதி குறிக்கவே சொல்லலாம். குளிர் தேசத்து விவசாயம் எங்களுக்குப் போதும். தயவுசெய்து இனி எந்த விதையும் அனுப்ப வேண்டாம். அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், சண்டையில்லாமல் பங்கிட்டுக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கை சியாமளா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பிராவ் ஹெர்மன்ஸ் மேலே வந்தாள். ரயில் பாதை ஓரத்தில் அவள் புருஷன் பயிர் செய்த தோட்டம் சும்மா கிடக்கிறதாம். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மூன்று வருஷத்துக்கு எடுக்க வேண்டுமாம், விரல் விட்டுக் காட்டினாள். அப்போதுதான் இவர் மென்று முழுங்கிச் சொல்கிறார், புரொபசரும் மூன்று வருஷ வேலை தருவதாகச் சொன்னாராம், எனக்காக வேண்டாமென்று எழுதி வைத்திருக்கிறாராம். அவர் மேல் பழி போடாதீர்கள், அண்ணா. சரியென்று சொன்னது நான்தான். பீர்க்கங்காய், புடலங்காய் விதை அனுப்புங்கள். அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள், சாப்பிட்ட பிறகு.