எட்டாத பெடல்

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து தணிகாசலத்தின் கால் பெடலுக்கு எட்டவில்லை.

"சைக்கிள் வளருமாடா யேசுதாஸ்?" என்று கவரைப்பேட்டை ரிப்பேர் கடையில் போய்க் கேட்டான்.

"பழைய சீமை வண்டிண்ணா. சீட்டு ஸ்பிரிங்கு வெறைச்சிக்கினு இருக்கும். எறக்கிடலாம்."

மாமனார் துளசிராமன் கல்யாணத்துக்குக் கொடுத்த வண்டி அது. "என் உயிரு நைனா இது, ஒரு கீறல் வுழக்கூடாது" என்று கண் கலங்கியவர். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, அந்த வண்டியில்தான் தலை தீபாவளிக்குப் போய் இறங்குவேன் என்று தணிகாசலம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். பஸ்ஸில் போனால் மானம் போய்விடும்.

பூட்டு என்றோ கெட்டுவிட்டது. வேலைக்கு ரயிலேறும்போது அவன் வண்டியை விடும் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டு பூவம்மாள் பூஜையன்று எல்லா வண்டிக்கும் ஒன்றுபோல அப்பிய சந்தனத்தை, சாமி காரியமாயிற்றே என்று அவன் துடைக்கவும் இல்லை.

சீட்டை இறக்கினார்கள். முழங்கால் ஹாண்டில்பாரில் இடித்தது. ஹாண்டில்பாரை உயர்த்தினார்கள். பிரேக் கம்பி எட்டாமல் வண்டி ஒரு வைக்கோல் போரில் போய் நின்றது.

"எனக்கு மட்டுமில்லடா, என்கூட ரயில்ல வர்ற நெட்டை தேசப்பன்கூட முட்டிய தேச்சிக்கினேதான் வர்றான். வயசாவுது போல."

கம்பியை நீட்டினார்கள். இப்போது பின்னால் உட்கார்ந்த சந்திரகலா பள்ளத்துக்கு ஒரு தரம் ஆகாயத்தைத் தொட்டு வந்தாள்.

"இதுல போனா எங்க அப்பா ஊட்டுக்கு என் எலும்புதான் போய்ச் சேரும். பேசாம பஸ்ல போலாங்க."

"பஸ்ஸா? உங்கப்பா மூஞ்சில எப்டி முழிக்கறது? நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு."

கேரியருக்கு மெத்தை தைத்தான். அவள் கால் வைக்க மிதிகட்டை மாட்டினான். அது அவன் குதிகாலைப் பதம் பார்த்தது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவன். கடைசியில் சீட்டுக் குழாயையே அறுக்கச் சொன்னான்.

யேசுதாஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ரம்பத்தை எடுத்தான். "அறுத்தா அறுத்ததுதாண்ணா. அப்புறம் பேஜாராயிடும்."

"அறுடா!"

அப்பாடா! கால் எட்டியது. வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. சந்திரகலாவே சிரித்துவிட்டாள். தணிகாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் கும்மிடிப்பூண்டியில் வேலை முடித்து ரயிலில் திரும்பி, வண்டியை எடுக்க ஸ்டாண்டுக்கு வந்தான். பூஜை முடிந்த கையோடு மகள் பிரசவத்துக்குப் போயிருந்த பூவம்மாள் அன்றுதான் திரும்பியிருந்தாள். அதுவரை கண்புரை விழுந்த அவள் புருஷன்தான் காவல்.

"எப்டிக்கா என் வண்டி?" என்று மணியடித்துக் காட்டினான்.

பூவம்மாள் அறுத்த குழாயைத் தடவிப் பார்த்தாள்.

"அடப்பாவி, இது நெட்டை தேசப்பன் வண்டியாச்சே! அதான் அந்த ஆளு உன் மாமனார் வண்டிய எடுத்துக்கினு போயி, முட்டி இடிக்குதுன்னு ஒரு முழம் குழா வெச்சி வெல்டிங் அடிச்சிக்கினு வந்தானா?"